யாருக்கு எதிரே யார்?

ஆட்டம் முடிய இன்னும் 3.4 விநாடிகள்தான் பாக்கி. கையில் பந்து. பதினைந்து அடி தூரத்தில் கூடை. குறுக்கே கை நீட்ட யாரும் இல்லை. கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ என்பது அப்படித்தான். எதிரணி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

2006 ஜூன் 13. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகின் இறுதித் தொடரில் மூன்றாவது ஆட்டம். மியாமி ஹீட் அணி இரண்டு புள்ளிகள் முன்னே நிற்கிறது. டல்லாஸ் மேவரிக்ஸ் அணியின் டர்க் நொவிட்ஸ்கிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள். இரண்டும் விழுந்தால் ஆட்டம் சமன். அந்தப் பருவம் முழுக்கப் பத்துக்கு ஒன்பதைத் தவறாமல் போட்டவர் அவர். முதல் பந்து விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

அந்த ஆட்டத்தில் ஆறரை நிமிடம் மிச்சமிருக்கும்போது டல்லாஸ் 13 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. தொடரிலும் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னிலை. இன்னும் இரண்டே வெற்றி போதும் கோப்பைக்கு. டல்லாஸில் வெற்றி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்றுகூடப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆனால், அந்த ஒரு ஆட்டம் 98-96 என்று கைநழுவியது. அதன்பிறகு அடுத்த மூன்றும் போயின. கோப்பையை மியாமி தூக்கிக்கொண்டு போனது, அதுவும் டல்லாஸின் சொந்த மைதானத்தில் இருந்தே.

அடுத்த வருடம் இன்னும் மோசம். 67 வெற்றிகளோடு லீகிலேயே முதலிடம் பிடித்தது டல்லாஸ். நொவிட்ஸ்கிதான் அந்த ஆண்டின் மிகச்சிறந்த வீரர். ஆனால் ப்ளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே, எட்டாவது இடத்தில் இருந்த கோல்டன் ஸ்டேட் அணியிடம் தோற்று வெளியேறினார்கள். அந்தத் தோல்வியின் எரிச்சலில் நொவிட்ஸ்கி வீசிய குப்பைத் தொட்டி, அரங்கத்தின் சுவரில் ஓட்டை போட்டது. பிறகு அவர் தன் பயிற்சியாளரோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிப்போய், முதுகுப்பையோடு வாரக்கணக்கில் சுற்றினார். 'நல்ல வீரர்தான், ஆனால் முக்கியமான நேரத்தில் கை நடுங்கும்' என்ற பெயர் மட்டும் அவரை விடாமல் பின்தொடர்ந்தது.

இப்போது 2011 மே 31-க்கு வருவோம். ஐந்து வருடம் கழித்து, அதே இரண்டு அணிகள், அதே இறுதித் தொடர், முதல் ஆட்டம் அதே மியாமியில். ஆட்டம் தொடங்க இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. முடிவு தெரியும் என்றாலும், தெரியாதவர்களாகவே கொஞ்ச நேரம் இருந்து பார்ப்போம். ஒரு தொடர் தொடங்கும் முன்பு இருக்கும் படபடப்பு, முடிந்த பிறகு திரும்ப வராது.

ஒரே ஒரு வெற்றி வித்தியாசம்

முதலில் கணக்கு. ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் யார் முதலில் நான்கை ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. பருவத்தின் 82 ஆட்டங்களில் மியாமிக்கு 58 வெற்றி. டல்லாஸுக்கு 57. இந்த ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தால், முதல் இரண்டு ஆட்டங்களும் கடைசி இரண்டு ஆட்டங்களும் மியாமியில். நடுவில் மூன்று ஆட்டங்கள் டல்லாஸில்.

அந்தப் பருவத்தில் இந்த இரண்டு அணிகளும் இரண்டு முறை மோதியிருந்தன. இரண்டிலும் டல்லாஸுக்கே வெற்றி. ஆனாலும் பெரும்பாலானவர்கள் பந்தயம் கட்டியது மியாமி மீதுதான். காரணம், மூன்று பேர்.

2010 ஜூலையில் தொலைக்காட்சி நேரலையில் உட்கார்ந்து, கிளீவ்லாந்தை விட்டு மியாமிக்குப் போகிறேன் என்று அறிவித்தார் லெப்ரான் ஜேம்ஸ். அதற்குமுன் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து லீகின் மிகச்சிறந்த வீரர் அவர். ஏற்கெனவே அங்கே டுவெய்ன் வேட் இருந்தார். கூடவே கிறிஸ் பாஷும் வந்து சேர்ந்தார். மூவரும் 2003-ல் ஒரே தேர்வில் என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தவர்கள். முப்பதைத் தொடாத மூன்று நட்சத்திரங்கள் ஒரே அணியில். வரவேற்பு விழாவில், ஒன்றல்ல, இரண்டல்ல என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் கோப்பைகள் வரும் என்றார் லெப்ரான். கிழக்குப் பிரிவில் பாஸ்டன், சிகாகோ என்று வந்தவர்களை எல்லாம் ஐந்தே ஆட்டங்களில் முடித்து அனுப்பிவிட்டுத்தான் மியாமி இறுதிக்கு வந்தது.

டல்லாஸ் பக்கம் பார்த்தால், ஜேசன் கிட்டுக்கு வயது 38. மேரியனுக்கும் டெர்ரிக்கும் 33. நொவிட்ஸ்கிக்கு இன்னும் சில நாட்களில் 33. இவர்களில் ஒருவர் கையிலும் கோப்பை பட்டதில்லை. 1980-ல் தொடங்கிய அந்த அணியின் அலமாரியிலும் கோப்பை இல்லை. ஆனால் இந்தப் பெரியவர்கள்தான் நடப்பு சாம்பியன் லேக்கர்ஸை நான்குக்கு நான்கு என்று துடைத்துவிட்டு வந்தார்கள்.

பெயர்களை இப்படி அடுக்கிவைத்துப் பார்த்தால் மியாமிதான் கனம். ஆனால் கூடைப்பந்தில் பெயர்கள் மோதுவதில்லை. ஒரு ஆளுக்கு எதிரே இன்னொரு ஆள் நிற்கிறார். பயிற்சியாளர்கள் தூக்கத்தைத் தொலைப்பது இந்தக் கேள்வியில்தான். யாருக்கு எதிரே யாரை நிறுத்துவது?

ஏழடி மனிதரும் பழைய எதிரியும்

முதல் ஜோடி, நொவிட்ஸ்கியும் யுடோனிஸ் ஹாஸ்லமும்.

நொவிட்ஸ்கி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்துக்காரர். அம்மா கூடைப்பந்து வீராங்கனை, அப்பா ஹேண்ட்பால் வீரர். பதின்வயதில் அவரைக் கண்டுபிடித்தவர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர். ஒருகாலத்தில் மேற்கு ஜெர்மனிக்காக ஆடியவர், இயற்பியல் படித்தவர். பந்து எந்தக் கோணத்தில் கையைவிட்டுக் கிளம்பினால் கூடைக்குள் விழ அதிக வாய்ப்பு என்று கணக்குப்போட்டு, அதற்கேற்பப் பையனின் கையையும் முழங்காலையும் பழக்கினார். புத்தகம் படிக்கச் சொன்னார், சாக்ஸபோன் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

அந்தப் பயிற்சியில் விளைந்ததுதான் நொவிட்ஸ்கியின் முத்திரை வீச்சு. ஒற்றைக்காலில் எழும்பி, வலது முழங்காலை முன்னால் உயர்த்தி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வீசுவார். முழங்கால் தடுப்பவரைத் தள்ளி நிறுத்தும். ஏழடி உயர மனிதர் பின்னால் சாய்ந்து, தலைக்கு மேலிருந்து விடும் பந்தை யார் எட்டிப் பிடிப்பது? மேற்கு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் ஓக்லஹோமா அணிக்கு எதிராக 48 புள்ளிகள் எடுத்தார். அதில் ஃப்ரீ த்ரோ மட்டும் 24-க்கு 24. கை நடுங்கும் என்று சொன்னவர்கள் கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் ஹாஸ்லமுக்கு அவரை நன்றாகவே தெரியும். மியாமியிலேயே பிறந்து வளர்ந்தவர். என்.பி.ஏ. தேர்வில் எந்த அணியும் சீண்டாமல் விட்டவர். 2006-ல் நொவிட்ஸ்கியை ஒட்டிக்கொண்டே நின்று, அவர் வீசியதில் பத்துக்கு நான்குகூட விழாமல் செய்ததில் பெரும் பங்கு இவருடையது. நொவிட்ஸ்கியைவிட நான்கு அங்குலம் குள்ளம். அதனால் வீச்சைத் தடுப்பதில்லை. பந்து வந்து சேரும் முன்பே இடுப்போடு இடுப்பாக முட்டி, அவர் விரும்பும் இடத்திலிருந்து இரண்டடி தள்ளிவிடுவார். இந்தப் பருவத்தில் காலில் அடிபட்டுப் பல மாதம் ஓய்விலிருந்தவர், சரியாக ப்ளே-ஆஃபுக்குத் திரும்பிவிட்டார்.

ஹாஸ்லம் களைத்தால் பாஷ் வருவார். இவர் டல்லாஸில் பிறந்து வளர்ந்தவர். சொந்த ஊர் அணிக்கு எதிராகவே கோப்பைக்கு மோத வேண்டிய நிலை.

லெப்ரான் முன்னால் யார்?

இரண்டாவது ஜோடி, லெப்ரானும் ஷான் மேரியனும்.

மேரியன் பந்து வீசும் அழகைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். மார்புக்குப் பக்கத்திலிருந்து தள்ளிவிடுவதுபோல ஒரு வீச்சு. ஆனால் தடுப்பில் அவர் சிரிக்கவிட மாட்டார். ஓக்லஹோமா தொடரில் இளம் புயல் கெவின் டுரான்ட்டைத் துரத்தியவர் அவர்தான்.

லெப்ரானை ஒற்றை ஆளாகத் தடுக்க யாராலும் முடியாது என்பது டல்லாஸ் பயிற்சியாளர் ரிக் கார்லைலுக்குத் தெரியும். அதனால் அவர் பையில் இன்னொரு மருந்து வைத்திருந்தார். ஆளைப் பிடிக்காமல் இடத்தைப் பிடிக்கும் தடுப்பு. ஐந்து பேரும் ஆளுக்கொரு பகுதியைக் காவல் காப்பார்கள். எதிராளி எந்தப் பகுதிக்குள் நுழைந்தாலும் அங்கே ஒருவர் காத்திருப்பார். என்.பி.ஏ.வில் இதை அதிகம் பேர் ஆடுவதில்லை. கூடைக்கு அருகே உயரமான டைசன் சாண்ட்லர் கடைசிக் காவலாக நிற்பார்.

இந்த சாண்ட்லர்தான் 2006-க்கும் 2011-க்கும் உள்ள பெரிய வித்தியாசம். அந்த 2006 தொடரில் வேட் கூடையை நோக்கிப் பாய்ந்து பாய்ந்து மொத்தம் 97 ஃப்ரீ த்ரோக்கள் வாங்கினார். ஆறு ஆட்டங்களில் 97! அப்போது டல்லாஸின் கூடையைக் காத்தவர்களில் ஒருவரான எரிக் டாம்பியர், வேடிக்கை பாருங்கள், இப்போது மியாமி அணியில் இருக்கிறார். 2010 கோடையில் டல்லாஸுக்கு வந்துசேர்ந்தவர் சாண்ட்லர்.

வேட் முன்னால் முதலில் நிற்கப்போவது ஸ்டீவன்சனும் கிட்டும். 38 வயதுக் கிட், 29 வயது வேடுக்கு ஈடுகொடுத்து ஓட முடியுமா? முடியாது. ஆனால் வேட் அடுத்த அடியை எங்கே வைப்பார் என்பதைக் கிட் ஒரு விநாடி முன்பே படித்துவிடுவார். கால் வேகம் குறைந்த வயதில் கண் வேகம் கைகொடுக்கும் என்பதே அவருடைய நம்பிக்கை. இதற்குமுன் 2002, 2003 என இரண்டு இறுதித் தொடர்களில் நியூ ஜெர்சி அணிக்காக ஆடித் தோற்றவர். இன்னொரு வாய்ப்பு வருமா என்று அந்த வயதில் யாரும் உறுதி சொல்ல முடியாது.

பச்சை குத்திய கை

மூன்றாவது ஜோடி யாரும் எதிர்பாராதது. டல்லாஸின் ஜேசன் டெர்ரி முன்னால், மியாமியின் மிகப்பெரிய வீரரான லெப்ரான்!

டெர்ரி தொடக்க ஐந்தில் இருக்க மாட்டார். பாதியில் உள்ளே வந்து, கடைசி நிமிடங்களில் மூன்று புள்ளி வீச்சுகளைப் பொழிவார். கிழக்கு இறுதியில் சிகாகோவின் டெரிக் ரோஸை ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் லெப்ரானை விட்டே முடக்கினார் மியாமி பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா. வீடியோ அறையில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர் ஸ்போல்ஸ்ட்ரா. எதிரணியின் ஒவ்வொரு பழக்கத்தையும் காட்சி காட்சியாக அலசியவர். பலித்த அதே மருந்தைத்தான் டெர்ரிக்கும் தரப்போகிறார்.

2006 தோல்வியைச் சுமந்தவர்களில் இன்னும் டல்லாஸில் மிச்சமிருப்பது இரண்டே பேர். ஒருவர் நொவிட்ஸ்கி. இன்னொருவர் டெர்ரி. பருவம் தொடங்கும் முன்பே சாம்பியன் கோப்பையின் படத்தைத் தன் கையில் பச்சை குத்திக்கொண்டார் டெர்ரி. ஜெயிக்காவிட்டால் வலிக்க வலிக்க அதை அழித்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

பட்டியலின் அடியில் இன்னொரு பெயர் இருந்தது. ஜே.ஜே. பரேயா. புவேர்ட்டோ ரிக்கோக்காரர். ஆறடி என்று பதிவேடு சொல்லும், நேரில் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். இறுதித் தொடர் பற்றிய பேச்சில் அவரைக் கடைசி வரியில் வைப்பதே பெரிய விஷயம்.

இவ்வளவுதான் அன்றைய மாலையில் கண்ணுக்குத் தெரிந்தது. இனி நடந்தது என்ன?

கணக்கு மாறிய இரண்டு வாரம்

முதல் ஆட்டம் மியாமிக்கு, 92-84. போதாக்குறைக்கு நொவிட்ஸ்கியின் இடதுகை நடுவிரலில் தசைநாண் கிழிந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் ஏழு நிமிடம் மிச்சமிருக்கும்போது மியாமி 15 புள்ளிகள் முன்னே. வேட் ஒரு மூன்று புள்ளி வீச்சைப் போட்டுவிட்டு, டல்லாஸ் வீரர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னாலேயே நின்று கையை உயர்த்தினார். அங்கிருந்து ஆட்டம் திரும்பியது. டல்லாஸின் கடைசி ஒன்பது புள்ளிகளையும் எடுத்தவர் நொவிட்ஸ்கி. 93-93 என்ற நிலையில், பாஷைத் தாண்டிப் பாய்ந்து, 3.6 விநாடி பாக்கி இருக்கும்போது பந்தைக் கூடைக்குள் போட்டார். எந்தக் கையால்? கட்டுப்போட்டிருந்த அந்த இடதுகையால்.

மூன்றாவது ஆட்டம் மறுபடி மியாமிக்கு, 88-86. டல்லாஸ் மண்ணில் வெற்றிப் புள்ளியைப் போட்டது அந்த ஊர்ப் பிள்ளை பாஷ்தான். சமன் செய்ய நொவிட்ஸ்கி வீசிய கடைசிப் பந்து விழவில்லை. எதிரே நின்றவர், ஹாஸ்லம். 2006 திரும்புகிறதா என்று டல்லாஸில் வயிறு கலங்கியது.

இங்கேதான் கார்லைல் பட்டியலைக் கையில் எடுத்து, அடியில் இருந்த பெயரை மேலே தூக்கிவைத்தார். நான்காவது ஆட்டத்தில் ஸ்டீவன்சனுக்குப் பதிலாக பரேயா தொடக்க ஐந்தில். அந்தக் குட்டி மனிதர் உயரமானவர்களின் அக்குளுக்கடியில் புகுந்து புகுந்து ஓட, மியாமியின் தடுப்பு கலைந்தது. அன்று நொவிட்ஸ்கிக்கு 101 டிகிரி காய்ச்சல். ஆடினார். 86-83, டல்லாஸுக்கு வெற்றி. லெப்ரான் எடுத்தது வெறும் எட்டுப் புள்ளிகள்.

ஏழு ஆட்டங்களிலும் லெப்ரானால் தன்னை இப்படியே தடுத்துக்கொண்டிருக்க முடியுமா என்று தொடரின் நடுவில் கேள்வி எழுப்பியிருந்தார் டெர்ரி. ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், லெப்ரானின் நீட்டிய கைக்கு மேலாக அவர் வீசிய மூன்று புள்ளிப் பந்து அதற்குப் பதிலானது. 112-103. பருவத்தில் சராசரி 26.7 புள்ளி எடுத்த லெப்ரான், இந்தத் தொடரில் எடுத்த சராசரி 17.8. மியாமியில் கடைசிவரை குறையாமல் ஆடியவர் வேட் ஒருவரே.

ஆறாவது ஆட்டம், ஜூன் 12, மியாமியில். எல்லோர் கண்ணும் நொவிட்ஸ்கி மேல். முதல் பாதியில் அவர் வீசிய 12 பந்துகளில் விழுந்தது ஒன்றே ஒன்று. பழைய பேச்சு மறுபடி எழுந்திருக்க வேண்டிய இரவு அது. ஆனால் அந்த முதல் பாதியில் 19 புள்ளிகள் போட்டு அணியைத் தூக்கி நிறுத்தியவர் டெர்ரி, 2006-ல் உடனிருந்த அந்த இன்னொருவர். பரேயா 15 எடுத்தார். நண்பர்கள் தாங்கிப்பிடித்த நேரத்தில் நொவிட்ஸ்கி தன்னைச் சரிசெய்துகொண்டு, இரண்டாம் பாதியில் திரும்பிவந்து 21-ல் முடித்தார். டல்லாஸ் 105, மியாமி 95.

தொடங்கும் முன்பு எல்லோரும் கேட்டது, நொவிட்ஸ்கியை யார் தடுப்பார் என்று. கடைசி இரவின் பாதிவரை அவர் தடுக்கப்பட்டுத்தான் இருந்தார். அவர் நின்றுவிட்டால் அடுத்து யார் என்ற கேள்விக்கு டல்லாஸிடம் பதில் இருந்தது. மியாமியிடம் அன்றைக்கு இல்லை. அந்தப் பாடத்தை லெப்ரானும் வீணாக்கவில்லை. அடுத்த ஆண்டே மியாமியோடு கோப்பையை வென்றார்.

கடைசி விநாடிகள் முடிவதற்குள் நொவிட்ஸ்கியைக் களத்தில் காணவில்லை. மேசையைத் தாண்டி, யாரையும் கட்டிப்பிடிக்காமல், நேரே உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டார். அங்கே தனியாக உட்கார்ந்து அழுதார். கோப்பை தர மேடை போட்டாயிற்று, ஆள் வரவில்லை. அணியின் ஊழியர் போய்ச் சமாதானம் சொல்லி அழைத்துவர வேண்டியிருந்தது. வந்து வாங்கிக்கொண்டார், கோப்பையையும், தொடரின் சிறந்த வீரர் விருதையும்.

அவர் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிய அந்த அரங்கம், ஐந்து வருடம் முன்பு அந்த இரண்டாவது ஃப்ரீ த்ரோ விழாமல் போன அதே அரங்கம்தான்.